பிரிக்காமல்

காப்பிப்பொடி டின்னுக்குள் அரிசி நிரப்பி
அதன் நடுவே புதைத்து வைத்திருந்தார்
ஓட்ஃப்ரீட் மாமா, துருவுக்குப் பயந்து.
உயிலில் அதைப் பற்றி ஒரே வரி:
மூவருக்கும். பிரிக்காமல்.

ஒன்பது கண்ணிகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு திராட்சை இலை,
கொசுக்கால் போல நரம்புகள்.
கரியினும் கருப்பு.
வார்ப்பிரும்பு இத்தனை மென்மையாக இருப்பது
எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கதை எங்களுக்கு மனப்பாடம்.
ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று.
பிரெஞ்சுப் படையை விரட்ட அரசிடம் காசில்லை.
நோய்ரூப்பின் நகரத்துப் பெண்கள் வரிசையில் நின்று
வளையல் கழற்றினார்கள், மோதிரம் கழற்றினார்கள்.
பொன் இருந்த இடத்தில்
பூவைக்கூட வைக்கவில்லை,
இரும்பை வைத்தார்கள்.
தோல் பதனிடுபவரின் மனைவி எர்னஸ்டீன்,
நம் எர்னஸ்டீன்,
குந்துமணிப் பொன்னும் மிச்சம் வைக்காதவள் என்று
ஒவ்வொரு கிறிஸ்துமஸ் வாத்துக்கும் முன்னால்
மாமா சொல்வார்.
வாத்து ஆறிப்போகும்.

அண்ணன் ஃபோல்க்மாருக்குக் கூரை ஒழுகுகிறது.
பிரேமனில் ஒருவர் நாலாயிரம் யூரோ தருகிறாராம்.
"அன்று நாட்டுக்குக் கொடுத்தாள்,
இன்று வீட்டுக்குக் கொடுக்கட்டும்."
தங்கை கேசாவுக்கு விற்பதும் பிடிக்கவில்லை,
அணிவதும் பிடிக்கவில்லை.
பீரங்கியாகிப் போன ஒரு வளையலுக்குப்
பதிலாக வந்த எதையும்
என் மகள் கழுத்தில் போடமாட்டேன் என்றாள்.
பிறகு, ஆளுக்கு மூன்று கண்ணி என்றாள்.
பிறகு அழுதாள்.

முடிவு என்னிடம் வந்தது.
நான் தராசு சோதிப்பவள்.
முப்பத்தோரு வருடமாக
கசாப்புக் கடை, நகைக் கடை, உருளைக்கிழங்குச் சந்தை.
முத்திரை குத்துவேன், அல்லது மறுப்பேன்.
நியாயமும் கிராம் கணக்கில்தான் வரும் என்று
எங்கள் வீட்டில் ஒரு மூடநம்பிக்கை.

இரும்பு பிடித்த கை சும்மா இருக்காது.
ஞாயிறு இரவு, சமையலறையில்,
நடுக்கண்ணியில் விரல் கொடுத்துத் தூக்கினேன்.
சங்கிலி ஒரு பக்கமாக நழுவியது.
மறுபடி தூக்கினேன்.
மறுபடி அதே பக்கம்.
குளிர்பெட்டிக் கதவிலிருந்து
மீன் பொம்மைக் காந்தத்தை எடுத்தேன்,
ரூகன் தீவில் வாங்கியது, வால் உடைந்தது.
ஒன்று, ஒட்டியது. இரண்டு, ஒட்டியது.
ஏழாவதில்
மீன் வழுக்கி மேசையில் விழுந்தது.

ஊசிமுனையால், உள்பக்கம்,
இலைக்காம்புக்குக் கீழே
எள்ளளவு சுரண்டினேன்.
கருப்பு விலகியது.
மஞ்சள்.

எர்னஸ்டீன்,
யாரிடம் உருக்கக் கொடுத்தாய்?
பக்கத்து இலையை அச்செடுத்து வார்த்து
மேலே கரி பூசிய அந்தக் கைக்கு
என்ன கூலி, எத்தனை வருட மௌனம்?
காதணியா அது?
கணவனுக்கு முன்னால் எவனோ தந்ததா?
அடுத்த பஞ்சத்துக்கு என்று ஒதுக்கியதா?
தேவாலயத்தில் எல்லார் கழுத்திலும் கருப்பு,
உன் கழுத்திலும் கருப்பு.
எட்டு நாட்டின் பக்கம்.
ஒன்று உன் பக்கம்.

ஃபோல்க்மாரிடம் சொன்னால் ரம்பம் தேடுவான்.
கேசாவிடம் சொன்னேன்.
தொலைபேசியில் வெகுநேரம் சத்தமில்லை,
பிறகு ஒரு சிரிப்பு,
பள்ளிக்கூடத்துக்குப் பின் நான் கேட்டிராத சிரிப்பு.
மாமாவிடம் சொல்ல வழியில்லை. நல்லவேளை.

கூரைக்கு என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன்.
எதற்கென்று அண்ணன் கேட்கவில்லை,
கேட்டால் திருப்பித் தரவேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை, நகர அருங்காட்சியகம்.
லூடெக்கே அம்மையார் அட்டையைக் காட்டினார்,
அச்சாகியே விட்டது:
தன் பொன் அனைத்தையும் ஈந்த எர்னஸ்டீன்.
எழுத்துப்பிழை இல்லை என்றேன்.
படிவம் நிரப்பினேன்.
பெயர். முகவரி.
நிரந்தர இரவல், பிரிக்காமல்.
எதனால் ஆனது?
அந்தக் கட்டத்தின் மேல்
பேனா ஆடிக்கொண்டு நின்றது,
மீன்கடைத் தராசின் முள் போல.

இரும்பு என்று எழுதினேன்.
பிறகு, சின்ன எழுத்தில்,
பெரும்பாலும்.

அம்மையார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
மை காயட்டும் என்றேன்.